ஆளைப் பார்த்தால் தெரியாத பட்டினி

கொச்சி மட்டாஞ்சேரியில் இசக்கிதுரை என்று கேட்டால் ஆளுக்கு ஆள் முழிப்பார்கள். பேக்கரி வண்டித் துரை என்றால் செறளாயியிலிருந்து இடக்கொச்சி வரை எந்தச் சாயாக்கடையிலும் தெரியும். காலையில் அனில் சேட்டனுடைய பேக்கரியில் பன்னும் பப்ஸும் ரஸ்க்குமாகத் தட்டுத் தட்டாகப் பெட்டி ஓட்டோவில் அடுக்கிக்கொண்டு கிளம்புவான். பின்னால் ஆள் உட்கார இடம் கிடையாது, வெறும் தகரப் பெட்டி. அதனால்தான் அந்த மூன்று சக்கர வண்டிக்கு இங்கே அந்தப் பெயர். தோப்பும்படி, பள்ளுருத்தி என்று ஒவ்வொரு கடையாக இறக்கிவிட்டு, மத்தியானம் இடக்கொச்சியில் போய்த்தான் பெட்டி காலியாகும்.

அவனுடைய அப்பா சங்கிலிப்பாண்டி திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பஜார் ரோட்டுக்கு மூட்டை தூக்க வந்தவர். துரை பிறந்தது, படித்தது எல்லாம் இங்கேதான். மலையாளப் பத்திரிகையை மடமடவென்று வாசிப்பான். தமிழில் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தால் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வேண்டும். அப்பா சீக்கிரமே போய்ச் சேர்ந்தார். அக்கா கற்பகத்தை ஆலுவாயில் கட்டிக்கொடுத்தார்கள். அதன் பிறகு செறளாயிச் சந்தில் அந்த இரண்டு அறை ஓட்டு வீட்டில் அம்மா மாயம்மாளும் அவனும்தான்.

சின்ன வயதிலிருந்தே துரை பெருத்த உடம்புக்காரன். பள்ளிக்கூடத்தில் தடியன், கிளப்பில் தடியன், பேக்கரியிலும் தடியன். யாரும் வஞ்சகமாகச் சொல்லவில்லை. அடுத்தவன் வாயைத் திறக்கும் முன்னால் தானே தன் வயிற்றைத் தட்டிச் சிரித்துவிடப் பழகியிருந்தான். இரண்டு மூன்று இடத்தில் பெண் பார்த்தார்கள். ஒன்றும் அமையவில்லை. "எனக்கு அம்மா போதும்" என்று அதையும் ஒரு சிரிப்பில் கரைத்துவிட்டான். ராத்திரி டிவியில் தொடர் ஓடும்போது இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சோறு தின்பார்கள். மீன் தலை யாருக்கு என்பதில்தான் சண்டை.

மாயம்மாளுக்குச் சர்க்கரை. அது கண்ணில் கைவைத்து, பிறகு கிட்னியில் கைவைத்து, ஓர் ஐப்பசி மழையில் ஆளையே கொண்டுபோய்விட்டது.

சுடுகாட்டுக்குப் போகிற வழியில் பாடையின் முன்பக்கத்தைத் துரைதான் தோளில் வாங்கியிருந்தான். மழை பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. அவனுக்குப் பின்னால் வந்த இரண்டு பேர், அப்பா வழிச் சொந்தக்காரர்கள், தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"அத்தைக்கு நாலு பேரு போதும். இவனுக்கு எட்டுப் பேரு வேணும்லா?"

"எட்டா? இவன் வண்டியில ஏத்தித்தான் கொண்டுட்டு வரணும்."

மெல்லச் சிரித்தார்கள். அந்த இருவரும் பிறகு அவனைக் கட்டிக்கொண்டு அழவும் செய்தார்கள். துரை எதுவும் கேட்காதவன்போல நடந்தான். ஆனால் அம்மாவின் பாரம் தோளில் இருக்கும்போதே தன் பாரத்தைப் பற்றி நினைக்கும்படி ஆகிவிட்டதே என்று ஒரு கூச்சம் அவனுக்குள் புகுந்துகொண்டது. அம்மாவுக்குத் தீ வைக்கிறபோதுகூட, நம்மை யார் தூக்குவார்கள் என்றுதான் மனசு கேட்டுக்கொண்டிருந்தது.

காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பினார்கள். சோறு இறங்கவில்லை. துக்க வீட்டில் அதை யார் பெரிதாக எடுப்பார்கள்? பிறகு வேலைக்குப் போக ஆரம்பித்தபோதும் இறங்கவில்லை. வீட்டுக்குத் திரும்பினால் டிவியை மட்டும் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பான். ஒரு தட்டை எடுத்து வைத்துக்கொண்டு தனியாகத் தின்பது ஏதோ திருட்டுக் காரியம்போல இருந்தது. வயிறு காய்ந்து கிடந்தால் மனசு அவ்வளவாகச் சத்தம் போடுவதில்லை என்பதை அந்த நாட்களில்தான் கண்டுகொண்டான். பசி கிள்ளும்போது வீட்டின் வெறுமை சற்றுத் தூரத்தில் போய் நின்றது.

பேன்ட் தொளதொளத்தது. முதலில் கவனித்தவர் அனில் சேட்டன். மாவு பிசைந்த கையோடு பேக்கரி வாசலுக்கே வந்துவிட்டார்.

"எடா துரை! நீ ஆகெ மெலிஞ்சு போயல்லோ! சுந்தரன் ஆயிட்டே! எந்தா சங்கதி, பெண்ணு ஏதும் பார்த்தாச்சா?"

பிறந்ததிலிருந்து அவனை யாரும் சுந்தரன் என்று சொன்னதில்லை. அன்றைக்கு முழுவதும் வண்டி ஓட்டும்போது அந்தச் சொல் காதுக்குள்ளேயே கிடந்தது. அன்று மத்தியானமும் அவன் சாப்பிடவில்லை. அம்மாவின் நினைவு இந்த முறை காரணம் இல்லை.

அதற்குப் பிறகு அது அவன் கையை விட்டுப் போய்விட்டது. அவனே விதிகள் போட்டுக்கொண்டான். இதைத் தொடக்கூடாது, அதைத் தொடக்கூடாது. தொட்டால் அதற்குத் தண்டனையாக இன்னொன்றை விட வேண்டும். பெட்டி முழுக்கப் பப்ஸின் மணம். ஒரு துணுக்கு நாக்கில் படாமல் இடக்கொச்சி வரை போய்த் திரும்பினால் எதையோ ஜெயித்தவன்போல இருக்கும். ஒரு நாள் எண்ணெயில் பொரித்த நேந்திரப் பழம்பொரி ஒன்றைத் தின்றுவிட்டு, அந்தப் பதற்றத்தில் வண்டியைப் பேக்கரியிலேயே விட்டு வீட்டுக்கு நடந்து போனான். அதோடும் தீரவில்லை. தோப்பும்படிப் பாலத்தில் ஏறி மறுகரைக்குப் போய்த் திரும்பி வந்தான். பேக்கரியில் மாவு மூட்டை நிறுக்கும் எந்திரத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்து ஏறி நிற்பான். முள் இறங்கியிருந்தால் அன்றைக்கு நல்ல நாள். இறங்கவில்லை என்றால் யாரோடும் பேசமாட்டான்.

கண்ணாடியில் அவனுக்குத் தெரிந்தது மட்டும் பழைய துரைதான். எவ்வளவு இறங்கியும் அதே தடியன், அதே வயிறு. அதில் ஒரு பாதி உண்மையும் இருந்தது. இருந்த உடம்பில் மூன்றில் ஒரு பங்கு போன பிறகும், ரோட்டில் போகிறவன் பார்த்தால் அவன் ஒரு வாட்டசாட்டமான ஆள். கன்னம் ஒட்டவில்லை, எலும்பு துருத்தவில்லை. பட்டினி கிடக்கிறவன் என்று எந்தச் சாமியும் சொல்லியிருக்காது.

சாயாக்கடைக்காரர்கள் ரகசியம் கேட்டார்கள். தன் மனைவிக்குச் சொல்லிக்கொடு என்று ஒருவர் போன் நம்பர் வாங்கிக்கொண்டார். கூப்பிட ஆள் இல்லாத போன், இப்போது மணியடித்தது. பழைய போட்டோவையும் புதிய போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாரோ தெரு வாட்ஸ்அப்பில் போட, கைதட்டுப் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. அக்கா கற்பகம்கூடப் போனில், "தம்பி, நல்லாருக்கடே. எனக்கும் சொல்லிக்குடு. எம் மாமியா என்னயப் பாத்தாலே மூஞ்சியச் சுழிக்கா" என்றாள்.

அந்த ஓணத்துக்கு ரெசிடென்ட்ஸ் அசோசியேஷன் ஆண்டு விழா. செயலாளர் வெங்கிடாசலம், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வீடு தேடி வந்தார்.

"இத பாருடா துரை, இந்தத் தெருவில பாதிப் பேருக்குச் சுகர், பாதிப் பேருக்குப் பிரஷர். எல்லாருக்கும் நீ ஒரு எக்ஸாம்பிள் கேட்டியோ? மேடையில ரெண்டு வார்த்தை பேசணும். பொன்னாடை போர்த்தப் போறோம்."

துரை வேட்டி கட்டிக்கொண்டு போனான். மாவேலி ராஜா வேஷம் போட்டவர், திருவாதிரக்களி ஆடப்போகிற பெண்கள், ஓடித் திரியும் பிள்ளைகள் என்று பந்தல் நிறைந்திருந்தது. வெங்கிடாசலம் அவன் தோளில் பொன்னாடையைப் போர்த்தினார். கைதட்டு அடங்க நேரமாயிற்று. மைக்கைப் பிடித்த அவன் கை ஐஸ்போலக் குளிர்ந்திருந்தது. பந்தலில் மற்றவர்கள் வியர்த்து விசிறிக்கொண்டிருக்க, அவனுக்கு மட்டும் உள்ளே நடுங்கியது. "மனசு வச்சா முடியும்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினான். காது இரைந்தது.

அடுத்து சத்யை, ஓண விருந்து. வாழையிலையில் பருப்பும் பப்படமும் அவியலும் ஓலனும் வரிசையாக வந்தன. "இன்னிக்கு ஒரு நாள் சாப்பிடலாம் துரை, நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம்" என்று யாரோ சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். துரையும் சிரித்தான். இரண்டு பக்கமும் ஆட்கள், இலை நிறையச் சோறு, அம்மா போன பிறகு முதல் முறையாகப் பந்தியில் ஒருவனாக உட்கார்ந்திருக்கிறான். பருப்பு ஊற்றிய சோற்றை விரலால் ஒதுக்கி ஒதுக்கி வைத்தான். வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. பாலடை பிரதமன் பாயசம் வருவதற்குள், போன் வந்த மாதிரி பாவனை செய்து எழுந்து, பின்வழியாக வீட்டுக்கு வந்து, பொன்னாடையோடு தரையில் படுத்துக்கொண்டான். சிரிப்புச் சத்தமும் செண்டை மேளச் சத்தமும் சந்து வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தன.

உடம்பு அதன் பாஷையில் சொல்லத் தொடங்கியது. தலை வாரினால் சீப்பு நிறைய முடி. உட்கார்ந்து எழுந்தால் கண் இருட்டியது. தட்டு எண்ணும்போது கணக்குத் தவறியது. சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழுந்தான். தூக்கத்தில் சாப்பாடு கனவாக வந்தது. விழித்தால் நிஜமாகவே தின்றுவிட்டோமோ என்று பயம்.

இடக்கொச்சியில் ஒரு கடையில் ரஸ்க் தட்டைத் தூக்கியபடியே விழுந்தான். கடைக்காரர் ஓட்டோ பிடித்துப் பக்கத்தில் இருந்த ஒரு கிளினிக்குக்குக் கொண்டுபோனார். அங்கே இருந்த டாக்டர் பிரஷர் பார்த்தார், எடை பார்த்தார். எவ்வளவு குறைத்தான் என்று கேட்டுவிட்டுத் தட்டிக்கொடுத்தார்.

"வெரி குட். உயரத்துக்கு இன்னும் கொஞ்சம் குறையணும். விட்டுடாதே. வெயில்ல அலையறப்ப வெள்ளம் நல்லா குடி."

விட்டுடாதே என்ற அந்த ஒற்றைச் சொல்லை வாங்கிக்கொண்டு துரை வீட்டுக்கு வந்தான். அவனுக்குள் பயந்துகொண்டிருந்த ஏதோ ஒன்று, யாராவது நிறுத்தச் சொல்வார்களா என்று அதுவரை காத்திருந்தது. அன்றைக்கு அதுவும் வாயை மூடிக்கொண்டது.

அம்மாவின் வருஷத் திதிக்குக் கற்பகம் இரண்டு நாள் முன்னாலேயே ஆலுவாயிலிருந்து வந்தாள். அவள்தான் முதலில் பயந்தாள். முந்தின நாள் சமைத்து வைத்த சோறும் மீன்குழம்பும் காலையில் சட்டியில் இல்லை. "தின்னேன்க்கா" என்றான். கொல்லைப்பக்கம் போனால் ஐந்தாறு பூனைகள், ஒவ்வொன்றும் உருண்டு திரண்டு, சுவர் ஓரத்தில் மீன் முள்ளை நக்கிக்கொண்டிருந்தன. அவளைப் பார்த்ததும் பழக்கப்பட்ட வீட்டு ஆள் மாதிரிக் காலைச் சுற்றின. கற்பகம் வெகுநேரம் அங்கேயே நின்றாள். பிறகு உள்ளே வந்து தம்பியின் கையைப் பிடித்தாள். அந்தக் குளிர்ச்சியில் திடுக்கிட்டுப்போனாள்.

"என்னலே இது, பொணம் மாதிரி ஜில்லுன்னு இருக்கு?"

"விடுக்கா. எப்பவும் இப்படித்தான்."

"எப்பவும் இல்ல. ஒங்கையப் புடிச்சிட்டுத்தான் நான் பள்ளிக்கூடம் போனேன். எனக்குத் தெரியாதா?" அவன் கையை விடவில்லை. "நீ ஏம்லே திங்க மாட்டேங்க? யாரு என்ன சொன்னா?"

அவன் கையை உதறிக்கொண்டான். அவளோடு சண்டை போட்டான். எல்லோருக்கும் பொறாமை என்றான். வெளியே போ என்றுகூடச் சொன்னான். கற்பகம் போகவில்லை. திதி முடிந்த மறுநாள் காலை, வண்டிச் சாவியை ஒளித்து வைத்துவிட்டு, அவனை இழுத்துக்கொண்டு எறணாகுளத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

அங்கே பொது மருத்துவம் பார்த்த டாக்டர் ஷபானாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பாலக்காட்டு ராவுத்தர் குடும்பம், வீட்டில் தமிழ்தான். துரை உள்ளே நுழைந்ததும், "எனக்கு ஒண்ணுமில்ல டாக்டர், அக்காதான்..." என்று ஆரம்பித்தான். அவர் எடை எந்திரத்தைக் காட்டவில்லை. படுக்கச் சொல்லி நாடி பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு எழுந்து நிற்கச் சொல்லி மறுபடியும் பிரஷர் பார்த்தார். நின்றதும் அவனுக்குச் சுவர் ஆடியது.

"நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

"சாயா குடிச்சேன்."

"அப்புறம்?"

துரை ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவர் எழுதாமல், அவசரப்படுத்தாமல், அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பொய் வரவில்லை.

"ஒரு வாய் சோறு திங்கணும்னு வைங்க. பயமா இருக்குமா?"

முப்பத்து நாலு வயது ஆண்பிள்ளையிடம் யாராவது சோற்றுக்குப் பயமா என்று கேட்பார்களா? துரை ஆமாம் என்று தலையை ஆட்டினான். சுடுகாட்டில் வராத அழுகை அந்த மேஜை முன்னால் வந்தது.

ஈசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். நாடித் துடிப்பு தாறுமாறாகக் குறைந்திருந்தது. ரத்தத்தில் பொட்டாசியமும் இறங்கியிருந்தது. உடனே ஆஸ்பத்திரியில் சேர்ந்து படுக்க வேண்டும் என்றார் டாக்டர்.

"இதுக்குப் பேரு அனோரெக்சியா. சாப்பாட்டுக்கும் எடைக்கும் பயந்து உடம்பைப் பட்டினி போடற நோய்."

"டிவியில காட்டினாங்க, எலும்பும் தோலுமா ஒரு பொண்ணு." துரை தன் உடம்பைக் குனிந்து பார்த்தான். "நான் எப்படி இருக்கேன், பாருங்க டாக்டர். தடியன். எனக்கா?"

"ஒங்களுக்குத்தான். நீங்க ஆரம்பிச்ச இடம் பெருசு, அதனால இன்னும் மெலிஞ்சவர் மாதிரித் தெரியல. இந்த வகைக்கு ஏடிப்பிக்கல்னு முன்னால ஒரு வார்த்தை சேர்ப்போம். வழக்கமான தோற்றம் இல்லைங்கறதுதான் அர்த்தம். நோய் லேசுன்னு அர்த்தம் இல்ல. எவ்வளவு எடை இருக்கீங்கங்கறதை விட எவ்வளவு வேகமா எவ்வளவு போச்சுங்கறதுதான் இதயத்துக்குக் கணக்கு. எலும்பும் தோலுமா வர்றவங்களுக்கு எவ்வளவு ஆபத்தோ, அதே ஆபத்து ஒங்களுக்கும் இருக்கு. பாத்தவங்க எல்லாம் கை தட்டிட்டாங்க, அவ்வளவுதான் வித்தியாசம்."

ஓரமாக நின்ற கற்பகம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "நானும்தான் சொன்னேன், நல்லாருக்கன்னு" என்றாள் மெதுவாக.

ஆஸ்பத்திரியில் முதல் நாளே வயிறு நிறையச் சோறு போடுவார்கள் என்று நினைத்து அவன் நடுங்கிக்கொண்டிருந்தான். அப்படி இல்லை. வெகுநாள் காய்ந்த உடம்புக்குத் திடீரென்று நிறையக் கொடுத்தால் ரத்தத்தில் உள்ள உப்புச் சத்துகள் சட்டென்று இறங்கி இதயத்துக்கே மோசம் வரும் என்று சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்டினார்கள். நெஞ்சில் ஒயர் ஒட்டியிருந்தது; தினமும் ரத்தம் எடுத்தார்கள். கஞ்சியும் பயறும் வந்த முதல் தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். நர்ஸ் ஒரு நாற்காலியைப் போட்டு எதிரே உட்கார்ந்து, தன் பிள்ளையின் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசிக்கொண்டேயிருந்தார். தட்டு காலியான பிறகுதான் எழுந்தார்.

பக்கத்துக் கட்டிலில் இருந்தவரைப் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் துரையை ஏற இறங்கப் பார்த்தார்கள். "சாருக்கு எந்தா அசுகம்?" என்று ஒரு பெரியவர் கேட்டார். பக்கத்துக் கட்டில்காரருக்குக் காலில் கட்டு இருந்தது, காட்ட முடிந்தது. துரைக்கு என்ன காட்டுவது என்று தெரியவில்லை. "பிரஷர்" என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான்.

மன ஆலோசகர் ஸுப்ரியாவை அங்கேதான் சந்தித்தான். வீட்டுக்குப் போன பிறகும் வாரம் ஒரு முறை அவரிடம் வர வேண்டும் என்றார்கள். அவருடைய அறையில் எடை எந்திரத்தில் முதுகைக் காட்டி ஏற வேண்டும். எண்ணை அவர் மட்டும் பார்த்துக்கொள்வார்.

"எனக்குப் பசிக்கறதே இல்ல மேடம். பசிக்காம எப்படித் திங்கறது?"

"பசி ரொம்ப நாள் கூப்பிட்டுப் பாத்துட்டு நிறுத்திடுத்து. திரும்ப வரும். அதுவரைக்கும் கடிகாரத்தைப் பாத்துச் சாப்பிடுங்கோ. மாத்திரை எடுத்துக்கற மாதிரி."

"தின்னா குத்தம் செஞ்ச மாதிரி இருக்கு."

"இருக்கட்டும். குத்த உணர்ச்சியோடயே சாப்பிடுங்கோ. அது போனப்பறம்தான் சாப்பிடணும்னு காத்துண்டிருந்தா நாம காத்துண்டேதான் இருப்போம்."

மூன்றாவது வாரமோ நாலாவது வாரமோ, அவனை யாரும் கேட்காமலே, பாடைக்குப் பின்னால் கேட்ட பேச்சைச் சொன்னான். அதைச் சொல்லும்போது இடது தோளைக் கையால் தடவிக்கொண்டான். ஸுப்ரியா, அவர்கள் பேசியது தப்பு என்றோ மறந்துவிடு என்றோ சொல்லாமல், "அம்மா சாப்பாட்டில ஒங்களுக்கு எது ரொம்பப் பிடிக்கும்?" என்று கேட்டார். மீன் தலையைப் பற்றி அவன் அரை மணி நேரம் பேசினான். மனிதர்கள் செத்துப்போனால் அவர்களோடு சாப்பிட்ட சாப்பாடும் போய்விடுகிறது, அதற்கும் அழ வேண்டியிருக்கிறது என்று அன்றைக்குத்தான் அவனுக்கு உறைத்தது.

கற்பகத்தால் ஆலுவாயை விட்டு வர முடியாது. மத்தியானம் வீடியோவில் கூப்பிடுவாள். அவள் தட்டு அங்கே, அவன் தட்டு இங்கே. போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்துக்கொண்டு இருவரும் தின்பார்கள். சில நாள் சிக்னல் போய்விடும். அப்போது அந்த அசையாத முகத்துக்கு முன்னால் ஒரு கவளத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பான். சில நாள் அது வாய்க்குப் போகும். சில நாள் போகாது.

கை சூடேறியது. முடி கொட்டுவது நின்றது. பேக்கரிக்குத் திரும்பினான். அனில் சேட்டனிடம் எல்லாவற்றையும் சொன்னபோது அவருக்குப் புரியவில்லை. "தின்னாத்த அசுகமா? நமக்கெல்லாம் தின்னுற அசுகமல்லே?" என்று சிரித்தார். ஆனால் வண்டி கிளம்பும் முன்னால் தன்னோடு உட்கார்ந்து புட்டும் கடலையும் தின்றுவிட்டுத்தான் போக வேண்டும் என்று அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்தார்.

உடம்பு கொஞ்சம் திரும்பி வந்தது. தெரு அதையும் கவனித்தது.

பாலஸ் ரோட்டில் வெங்கிடாசலம் எதிரே வந்து குடையை மடக்கினார். "என்னடா துரை, மறுபடியும் சதை வச்சுட்டியே! கஷ்டமாச்சே. அடுத்த வருஷமும் உன்னை மேடையில ஏத்தலாம்னு நினைச்சிண்டிருந்தேன்." அவர் முகத்தில் நிஜமான வருத்தம். துரை நோயைச் சொல்ல வாயெடுத்தான். நடுரோட்டில், இந்த உடம்பை வைத்துக்கொண்டு, நான் பட்டினியால் சாகக் கிடந்தேன் என்று எப்படிச் சொல்வது? சிரித்துத் தலையாட்டிவிட்டுப் போனான். தடியனாக இருந்தபோது தனிமை ஒரு மாதிரி. சுந்தரனாக இருந்தபோது கைதட்டுக்கு நடுவே இன்னொரு மாதிரி. குணமாகிக்கொண்டிருக்கும்போது அதைப் பார்த்துச் சந்தோஷப்பட ஒருத்தரும் இல்லாத இந்தத் தனிமைதான் அவனுக்கு எல்லாவற்றையும் விடக் கனத்தது.

அந்த வாரம் மறுபடியும் வழுக்கினான். அக்காவின் போனை எடுக்கவில்லை. புட்டுத் தட்டைப் பார்த்து வயிறு சரியில்லை என்றான். பழைய லேசு, பழைய ஜெயிப்பு, எல்லாம் வாசலிலேயே காத்திருந்ததுபோல உள்ளே வந்தது. ஆனால் இந்த முறை ஒரு வித்தியாசம் இருந்தது: அது என்னவென்று அவனுக்குத் தெரியும், அதன் பேரும் தெரியும். ஸுப்ரியாவிடம் போகும் நாள் வரைக்கும் காத்திருக்காமல், தோப்பும்படியில் வண்டியை ஓரம் கட்டி, மீன் லாரிகளின் இரைச்சலுக்கு நடுவே போன் போட்டான்.

"மேடம், நான் திங்கல."

"சொன்னதே நல்லது. இப்போ எங்க இருக்கேள்? பக்கத்தில கடை ஏதாவது இருக்கா?"

போனைக் காதில் வைத்தபடியே ஒரு கடையில் போய்க் கப்பக்கிழங்கும் மீன்குழம்பும் வாங்கினான். மறுமுனையில் அவர் போனை வைக்கவில்லை. அவன் மெல்லும் சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும். பாதி தின்றான். மீதியைத் தின்ன முடியவில்லை என்று சொன்னபோது, "பாதி போறும், சாயந்திரம் மறுபடி கூப்பிடறேன்" என்றார்.

அது நடந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஷபானா டாக்டர் கடைசியாக எடுத்த ஈசிஜியைப் பார்த்து, இதயம் ஒழுங்காக இருக்கிறது என்றார். பசி திரும்பிவிட்டது, மாலையில் பேக்கரி அடுப்பின் வாசனைக்கு வயிறு உறுமும்போது அவனுக்கு இன்னும் கொஞ்சம் பயம்தான். கல்யாணம் ஆகவில்லை. வீட்டில் டிவி ஓடுகிறது. சில ராத்திரிகளில் எதிர்ப்பக்கம் காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டிவைத்துச் சாப்பிடுகிறான்.

சாப்பாட்டுப் பிரச்சினை உள்ளவர்கள் மாதம் ஒரு சனிக்கிழமை கூடிப் பேசலாம் என்று ஸுப்ரியா ஆஸ்பத்திரியில் ஒரு அறை பிடித்தார். முதல் கூட்டத்துக்குத் துரை மட்டும் வந்தான். வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் இவர்கள் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள், சாயா ஆறிப்போனது. அடுத்த மாதமும் அவன்தான். படகில் திரும்பும்போது, இந்த ஊரில் நமக்கு மட்டும்தானா என்று காயல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

மூன்றாவது கூட்டத்தன்று ஸுப்ரியா வார்டில் எங்கேயோ மாட்டிக்கொண்டார். துரை தனியாக இருந்தான். கதவு திறந்தது. நாற்பது வயதுப் பெண் ஒருத்தி, கொஞ்சம் பருமன்தான், நல்ல பருத்திப் புடவை, தோளில் ஆபீஸ் பை. உள்ளே எட்டிப் பார்த்தாள். நாற்காலி நிறைய உட்கார்ந்திருக்கும் துரையைப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"மன்னிக்கணும். ரூம் மாறி வந்துட்டேன்னு தோணுது" என்று கதவைச் சாத்தப் போனாள்.

துரை எழுந்தான். அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று அவனுக்குத் தெரியாது.

"மாறல சேச்சி. இதுதான்."

அவள் கதவைப் பிடித்தபடி நின்றாள். அவன் உடம்பைப் பார்த்தாள், பிறகு குனிந்து தன் உடம்பைப் பார்த்தாள். "என்னைப் பாத்தா யாரும் நம்பறதில்ல" என்றாள், பாதி தனக்குத்தானே.

"என்னையும்தான்."

அவள் வந்து அவனிடமிருந்து இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள். பேர் வசந்தி என்றாள். வராந்தாவில் யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். துரை பிளாஸ்கைத் திறந்து இரண்டு கப்பில் சாயா ஊற்றினான்.